தப்பாகச் சறுக்க ஒரு கோடைக்காலம்

ஜூலை மாதத்துக் காலை. ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில், ட்சில்லர் பள்ளத்தாக்கின் கிளை ஒன்று முடிகிற இடத்தில் இருக்கிறது ஹின்டர்டுக்ஸ் என்ற சிற்றூர். சரிவெல்லாம் பசும்புல். மேயும் மாடுகளின் கழுத்துமணி ஓயாமல் கேட்கிறது. மலை நடைக்கு வந்தவர்கள் அரைக்கால் சட்டையோடு திரிகிறார்கள். அவர்களுக்கு நடுவே, தோளில் நீண்ட பலகைகளும் கையில் ஹெல்மெட்டுமாக ஒரு கூட்டம் கேபிள் கார் வரிசையில் நிற்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் ஏறுகிறவர்கள் 3,250 மீட்டரில் இறங்குவார்கள். அந்த உச்சி நிலையத்தின் ஜெர்மன் பெயருக்கு ‘உறைந்த சுவர்’ என்று பொருள். அங்கே பனியாறு. ஆஸ்திரியாவில் ஆண்டின் 365 நாளும் பனிச்சறுக்கு நடக்கும் ஒரே இடம் இதுதான்.

இந்தக் கூட்டத்துக்கு இப்போது போட்டி எதுவும் கிடையாது. உலகக் கோப்பைப் பந்தயங்கள் தொடங்கவே அக்டோபர் கடைசி ஆகும். பிறகு எதற்கு இந்தப் பாடு? கேட்டால் பெரும்பாலோர், “பனியில் கால் பழக்கம் விட்டுப்போகக் கூடாது” என்பார்கள். அது பாதி பதில்தான். மீதிப் பாதி கொஞ்சம் விசித்திரமானது. அவர்கள் சில வாரங்களுக்கு மோசமாகச் சறுக்குவதற்காக இந்தக் கோடை முகாமுக்கு வந்திருக்கிறார்கள்.

மிருதங்கம் கற்றவர்களுக்கு இது சட்டென்று புரியும். விரல் வைப்பில் ஒரு குறை இருக்கிறதென்று குரு மாற்றிக்கொடுப்பார். அடுத்த சில வாரங்கள் வாசிப்பே குலைந்துபோகும். பழையதும் வராது, புதியதும் படியாது. மார்கழிக் கச்சேரிகளுக்கு நடுவில் யாராவது இந்த வேலையைத் தொடங்குவார்களா? பனிச்சறுக்கு வீரருக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை மார்கழிதான். கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்ற வேண்டிய காலம் அது. பழக்கத்தைப் பிரித்துப்போட்டு மறுபடி பூட்ட, போட்டியில்லாத மாதமும் பனியுள்ள இடமும் வேண்டும்.

மேலே போ, அல்லது தெற்கே போ

கோடையில் குளிர்காலத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு வழிகள். ஒன்று, உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ஹின்டர்டுக்ஸ் கேபிள் காரில் போகிறவர் சற்று நேரத்தில் 11 டிகிரி கூடுதல் குளிருக்குள் நுழைகிறார். சுவிட்சர்லாந்தின் ட்செர்மாட், சாஸ்-ஃபே, பிரான்சின் லே தூஸ் ஆல்ப் எல்லாம் இந்த வகை. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் கதை தலைகீழ். 2,757 மீட்டர் உயரத்துக்குப் போகும் மலைப்பாதை குளிர்காலத்தில் மூடிவிடுவதால், அங்கே பனிச்சறுக்குத் தளம் கோடையில் திறந்து குளிர்காலத்தில் பூட்டிக்கொள்கிறது.

இரண்டாவது வழி, நிலநடுக்கோட்டைத் தாண்டுவது. பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் வடக்கே ஜூலை வெயில் கொளுத்தும்போது தெற்கே நடுக்குளிர். நியூசிலாந்தின் குவீன்ஸ்டவுன் நகருக்கு மேலே 1947 முதல் இயங்கும் கொரோனெட் பீக், அர்ஜென்டினாவின் தென்கோடியில் உஷுவையா அருகிலுள்ள செர்ரோ காஸ்டோர், சிலியின் போர்ட்டியோ ஆகிய இடங்களில் ஆகஸ்டு, செப்டம்பரில் வடநாட்டு அணிகளைப் பார்க்கலாம். ஆண்டீஸ் மலையில் 2,880 மீட்டர் உயரத்தில், ஒரு மலை ஏரியின் கரையில், மஞ்சள் நிற விடுதி ஒன்றும் அதைச் சுற்றிச் சரிவுகளும்: போர்ட்டியோ அவ்வளவுதான். ஆனால் 1966 ஆகஸ்டில் ஆல்பைன் பனிச்சறுக்கு உலகச் சாம்பியன் போட்டி அங்கே நடந்தது. தென்னரைக்கோளத்தில் அந்தப் போட்டி நடந்தது அந்த ஒரே முறைதான். செங்குத்துச் சரிவில் நேராகப் பாயும் டௌன்ஹில் பிரிவில் பிரான்சின் ஜான்-க்ளோட் கில்லி வென்றார்.

மேலே போனாலும் தெற்கே போனாலும், அங்கே கற்றுக்கொள்ளப் போவது ஒன்றைத்தான்: வளைவது.

வளைவுக்குள் இருக்கும் கணக்கு

பனிச்சறுக்குப் பலகையைத் தரையில் வைத்து மேலிருந்து பாருங்கள். முனையும் வாலும் அகலமாகவும் இடுப்பு ஒடுங்கியும் இருக்கும். அந்தப் பக்கவாட்டு வளைவை நீட்டி முழு வட்டமாக வரைந்தால் கிடைக்கும் ஆரம்தான் பலகையின் ‘பக்க ஆரம்’. 1993இல் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் எஸ்.சி.எக்ஸ். என்ற பலகையில் இந்த ஒடுக்கத்தை வெகுவாகக் கூட்டியது. அதன் பிறகு விளையாட்டின் முகமே மாறிப்போனது. அதுவரை வாலைத் தேய்த்துத் தேய்த்துத் திரும்பியவர்கள், பலகையைச் சாய்த்தாலே அது வளைந்து பனியில் கத்திபோலக் கோடு கிழித்துக்கொண்டு திரும்புவதைக் கண்டார்கள். இதைத்தான் கார்விங் என்கிறார்கள்.

கணக்கு எளியது. உறுதியான பனியில் பலகையை எவ்வளவு கோணம் சாய்க்கிறீர்களோ, அந்தக் கோணத்தின் கொசைனைப் பக்க ஆரத்தோடு பெருக்கினால் திரும்பும் வளைவின் ஆரம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். 13 மீட்டர் பக்க ஆரமுள்ள பலகையை 60 டிகிரி சாய்த்தால் ஆறரை மீட்டரில் திரும்பலாம். பலகையைத் திருகவே வேண்டாம், சாய்த்தால் போதும்.

சாய்ப்பதில்தான் வினை இருக்கிறது. நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் 10 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், உங்களைப் பக்கவாட்டில் வளைக்கத் தேவையான விசை உங்கள் எடைக்குச் சமம். அதையும் புவியீர்ப்பையும் சேர்த்தால் கால்கள் தாங்குவது எடையைப்போல் 1.4 மடங்கு. சமநிலைக்கு உடல் 45 டிகிரி சாய்ந்தாக வேண்டும். வேகம் 50 கிலோமீட்டரானால் பாரம் எடையைப்போல் 2.2 மடங்கு ஆகிவிடும். பாரத்தில் பெரும்பங்கு வளைவின் வெளிப்பக்கக் காலுக்குப் போக வேண்டும். ஆனால் சரிவில் வேகமாக இறங்கும் மனிதனின் இயல்புணர்வு வேறு மாதிரிச் சொல்லும்: மலைப்பக்கமாகச் சாய்ந்துகொள், உள்காலில் நில், பின்னால் உட்கார். பயம் சொல்லித்தரும் மூன்று பாடங்களும் தப்பு. முகாமின் வேலை இவற்றை மறக்கடிப்பது.

கண்ணுக்கு நேரமில்லை

‘இப்படித் தப்புச் செய்கிறாய்’ என்று சொன்னால் போதாதா? போதாது. ஒன்றைக் கண்ணால் பார்த்து உடல் பதில் கொடுக்கச் சுமார் 0.2 நொடி ஆகிறது. 36 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் இரண்டு மீட்டர் ஓடிவிடும். கம்பங்களுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் பிரிவில், ஆண்களுக்கான சர்வதேசப் பந்தயத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் 55 முதல் 75 முறை திசை திரும்ப வேண்டும். யோசித்துத் திருத்த இடமே இல்லை. மூளை அடுத்த வளைவை முன்கூட்டியே கணித்துக் கட்டளைகளை அனுப்பிவிட வேண்டும். சில்லறைத் திருத்தங்களைத் தண்டுவடமும் உள்ளங்கால் உணர்வும் பார்த்துக்கொள்ளும்.

சோவியத் உடலியல் அறிஞர் நிக்கலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில் சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைப் படமெடுத்து ஆராய்ந்தார். தேர்ந்த கைக்காரர்களின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாகவே அசைந்தன. ஒன்றின் பிசகை இன்னொன்று சரிக்கட்டியது. திறமை என்பது ஒரே அசைவைத் திரும்பத் திரும்ப நகலெடுப்பது என்ற எண்ணத்தை இது உடைத்தது.

இந்த யோசனையைச் சோதிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது பனிச்சறுக்கைத்தான், அதுவும் பனியே இல்லாமல். வில்போல வளைந்த இரண்டு தண்டவாளங்கள். மேலே சக்கரம் வைத்த மேடை. அதை நடுவுக்கு இழுக்கும் ரப்பர் பட்டைகள். ஏறி நின்று இடமும் வலமும் ஆட்ட வேண்டும். 1992இல் பியாட்ரிக்ஸ் வெரெய்க்கனும் சக ஆய்வாளர்களும் புதியவர்களை இதில் ஏற்றினார்கள். தொடக்கத்தில் எல்லாருமே கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றையும் மரக்கட்டைபோல விறைத்துக்கொண்டார்கள். கட்டுப்படுத்த வேண்டியவை பல இருக்கும்போது சிலவற்றைப் பூட்டிவைப்பது உடலின் தந்திரம். பழகப் பழகப் பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

பல ஆண்டு சறுக்கியும் மேலே போகாமல் நிற்பவர்களிடம் நடப்பது இதுதான். எங்கோ ஒரு பூட்டு திறக்காமலே தங்கிவிட்டது. அதோடே பழகியும்விட்டார்கள். அதைத் திறந்தால் ஆட்டம் காணும். வேகம் குறையும். விழுவார்கள்.

ஒற்றைக் காலில் ஒரு பாடம்

முகாம்களில் வழக்கமாகச் செய்யும் ஒரு பயிற்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். இடது காலின் பலகையைக் கழற்றிப் பனியில் குத்திவைத்துவிட்டு, வலக்காலில் மட்டும் மெல்லிய சரிவில் இறங்க வேண்டும். இடப்பக்கம் திரும்புவது சுலபம். பலகை கட்டைவிரல் பக்கம் சாயும், அதற்கு உடல் பழகியிருக்கிறது. வலப்பக்கம் திரும்ப வேண்டுமானால் பலகை சுண்டுவிரல் பக்கம் சாய வேண்டும். அங்கே எல்லாம் கலைந்துவிடும். தொங்கும் இடக்கால் காற்றில் துழாவும். கைகள் சிறகடிக்கும். முதல் மூன்று முயற்சிகள் மூன்று விழுதல்களில் முடிவது சகஜம்.

நாலாவது, ஐந்தாவது முறையில் ஒன்று புரிய வரும். முழங்காலை எவ்வளவு திருகினாலும் பிரயோசனமில்லை. இடுப்பு முழுவதுமாகப் பலகைக்கு மறுபக்கம் கடந்து போனால்தான் சுண்டுவிரல் விளிம்பு பனியைக் கவ்வும். இதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. பிறகு இரண்டு பலகைகளையும் மாட்டிக்கொண்டு இறங்கினால், எடை எங்கே நிற்கிறது என்று உள்ளங்காலே சொல்லும்.

எங்கே கவனம் வைப்பது என்பதற்கும் அதே ஆட்டும் இயந்திரத்தில் விடை கிடைத்தது. 1998இல் காப்ரியேல வுல்ஃபும் இரு ஜெர்மன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை அது. ஒரு குழுவிடம் ‘உங்கள் பாதத்தில் கவனம் வையுங்கள்’ என்றார்கள். இன்னொரு குழுவிடம் ‘மேடையின் சக்கரத்தில் கவனம் வையுங்கள்’ என்றார்கள். சக்கரம் இருப்பது பாதத்துக்கு நேர் கீழேதான். அந்தச் சிறு இடைவெளியே வித்தியாசம் காட்டியது. அறிவுரை எதுவும் இல்லாமல் பிறகு சோதித்தபோது, சக்கரக் குழு மேலாக ஆட்டியது. தன் உடலை உற்றுக் கவனிக்கிறவர், தானாக ஓட வேண்டியதில் குறுக்கிடுகிறார் என்பது வுல்ஃபின் விளக்கம். ஆகவே நல்ல கோச் ‘தோளைச் சமமாக வை’ என்று சொல்வதில்லை. ‘இரண்டு கைக்கோலின் நுனியும் பனியில் கோடு கிழித்துக்கொண்டே வரட்டும்’ என்கிறார். கோடு அறுந்தால் தோள் சாய்ந்தது என்று வீரருக்கே தெரியும்.

நன்றாகத் தெரிவது கற்றதாகாது

1979இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த சோதனை கோச்சுகளின் உலகத்தில் இன்னும் பேசப்படுகிறது. கையில் டென்னிஸ் பந்தோடு, மரத்தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும். மூன்று வரிசைகள், மொத்தம் 54 முயற்சிகள். ஒரு குழு ஒரு வரிசையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. மற்றக் குழுவுக்கு மூன்றும் கலந்து கலந்து வந்தன. பயிற்சியின்போது முதல் குழுதான் வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகிய குழு முந்தியது.

ஆக, பயிற்சியில் நன்றாகச் செய்வதும் நன்றாகக் கற்றுக்கொள்வதும் வெவ்வேறு. சில நேரம் ஒன்றுக்கொன்று எதிர். ஒரே சரிவில் ஒரே வளைவை ஐம்பது முறை போட்டால் பத்தாவது தடவையிலேயே அழகாக வந்துவிடும், மனம் குளிரும். ஆனால் சின்ன வளைவு, பெரிய வளைவு, ஒற்றைக்கால், முழங்கால் உயரக் குட்டைக் கம்பங்கள் என்று மாற்றி மாற்றிப் போனால் ஒவ்வொரு முறையும் மூளை தீர்வைப் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. தடுமாற்றம் அதிகம், மிச்சமும் அதிகம். முதல் நாள் மட்டும் புதிய அசைவை ஒரே மாதிரித் திரும்பச் செய்து பிடிபட வைத்துவிட்டு, அதன்பின் கலக்கத் தொடங்குவது நல்ல நடைமுறை.

வீடியோ விஷயத்திலும் இதே கதை. மதியம் விடுதியில் எல்லாரும் உட்கார்ந்து காலையில் எடுத்த படத்தைப் பார்ப்பது முகாம்களின் சடங்கு. பயனுள்ளதுதான். ஆனால் ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் உடனே ‘சரி’, ‘தப்பு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால், கற்பவர் தன் உணர்வைக் கேட்பதை விட்டுவிட்டுக் கோச்சின் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறார். அந்த முகம் டிசம்பர் பந்தயத்தில் கூட வராது. படத்தைக் காட்டுவதற்கு முன் ‘எங்கே நழுவியது என்று நினைக்கிறாய்?’ என்று கேட்கும் கோச்சிடம் மாட்டினால் உங்கள் அதிர்ஷ்டம்.

ஒரே காலையில் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு திருத்தங்களையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓர் அசைவைக் கற்றவுடனே அதற்கு நேரெதிரான அசைவைக் கற்றால் முதலாவது அழிந்துபோகிறது என்றும், சுமார் நாலு மணி நேரம் இடைவெளி விட்டால் நிலைத்துவிடுகிறது என்றும் 1996இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தூக்கமும் இந்த நிலைப்படுத்தலில் பங்கெடுக்கிறது. இரவு மதுக்கூடத்தில் விழித்திருப்பவர், காலையில் கற்றதில் ஒரு பங்கைத் தொலைக்கிறார்.

மதியத்துக்குள் முடிந்துவிடும் பனி

கோடைப் பனியின் குணம் நேரத்துக்கு நேரம் மாறும். தெளிந்த வானமுள்ள இரவில் பனிப்பரப்பு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக விண்வெளிக்கு இழந்துகொண்டே இருக்கும். காற்று பூஜ்யத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்து, விடியலில் கான்கிரீட்போல நிற்கும். விளிம்பு தீட்டாத பலகை அதில் வழுக்கிக்கொண்டு போகும். பந்தய வீரர்கள் விரும்புவது இந்தப் பரப்பைத்தான், ஏனென்றால் தப்பை இது மன்னிக்காது. வெயில் ஏற ஏற மேல் ஒரு அங்குலம் இளகும். அந்தக் கொஞ்ச நேரம் சொர்க்கம். நண்பகலில் கூழாகிவிடும். அதனால்தான் பனியாற்று முகாம்கள் விடியலில் தொடங்கி மதியத்துக்குள் மூட்டை கட்டுகின்றன.

பலகை ஏன் வழுக்குகிறது என்பதே நீண்ட விவாதம். எடையின் அழுத்தத்தால் பனி உருகுகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ ஆள், ஒன்றே முக்கால் மீட்டர் நீளமும் ஏழு சென்டிமீட்டர் அகலமுமுள்ள இரண்டு பலகைகள். அழுத்தம் ஒரு வளிமண்டலத்தில் சுமார் 3 சதவீதம். ஒரு முழு வளிமண்டல அழுத்தமே பனியின் உருகுநிலையை 0.0075 டிகிரிதான் குறைக்கும். பலகை பனியின் முகடுகளில் மட்டும் தொடுகிறது என்று வைத்து அழுத்தத்தை நூறு மடங்கு கூட்டினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. பவுடன், ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிராவ்யோக் பனிக்குகையில் சோதனைகள் நடத்தி, உராய்வின் வெப்பமே மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்குகிறது என்று 1939இல் எழுதினார்கள். பனியின் மேற்பரப்பு உருகுநிலைக்குக் கீழேயே ஓரளவு திரவம்போல நடந்துகொள்கிறது என்று விஞ்ஞானி ஃபாரடே 19ஆம் நூற்றாண்டிலேயே ஊகித்திருந்தார். இரண்டுக்கும் பங்கு உண்டு என்பதே இன்றைய பார்வை.

படலம் மெல்லியதாக இருந்தால் வழுக்கும், தடித்தால் ஒட்டி உறிஞ்சும். கோடைக் கூழ்ப்பனியில் பலகை திடீரென்று பிரேக் போட்டதுபோல இழுப்பது இதனால்தான். கோடைக்கென்று தனி மெழுகும், நீரை வடிக்கப் பலகையின் அடியில் ஆழமான வரிகளும் இருப்பதற்கும் இதுவே காரணம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஹூட் மலையின் பால்மர் பனிவெளியில் கோடை முகாம்களின்போது ஒரு காட்சி. இளகிய ஓடுபாதையில் உப்பை வாரி இறைப்பார்கள். உப்புப் பனியை உருக்குமே என்று தோன்றும். உருக்கத்தான் செய்கிறது. ஆனால் உருகும் ஒவ்வொரு கிலோவும் சுற்றியிருப்பதிலிருந்து 334 கிலோஜூல் வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்கிறது. அக்கம்பக்கத்து ஈரம் குளிர்ந்து இறுகி, சற்று நேரத்தில் பாதை கெட்டியாகிவிடும். குல்பி ஐஸ் வண்டிக்காரர் ஐஸ் கட்டியோடு கல்லுப்பைக் கலந்து போடுவதும் இதே வித்தைதான். பனியில் ஈரம் இருந்தால் மட்டும் பலிக்கும்.

உடம்பு கேட்கும் விலை

3,250 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைப்போல் மூன்றில் இரண்டு பங்குதான். முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கும், தலை வலிக்கும், தூக்கம் கெடும். வந்த அன்றே முழுவேகத்தில் இறங்குவது புத்திசாலித்தனம் அல்ல. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனி அதில் 80 சதவீதம்வரை திருப்பியடிக்கிறது. அதனால் மோவாய்க்குக் கீழேயும் மூக்குத் துவாரத்தின் ஓரத்திலும்கூடத் தோல் கருகும். கண்ணாடி அணியாத கண் இரவில் மணல் விழுந்ததுபோல உறுத்தும்.

வளைவில் தொடைத்தசை, நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது. படி இறங்கும்போது நடப்பதும் இதேதான். இந்த வகை வேலை தசை இழைகளை அதிகம் சேதப்படுத்தும். வலி அன்றே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். மூன்றாம் நாள் களைத்த காலோடு, இளகும் பனியில், ‘கடைசியாக ஒரு தடவை’ என்று இறங்குவது முழங்காலுக்கு ஆகாது. பனிச்சறுக்குக் காயங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று முழங்காலுக்குத்தான் வருகிறது. ஊரிலேயே இரண்டு மாதம் மெதுவாக உட்கார்ந்து எழுவதும், படி இறங்குவதும், ஒற்றைக்கால் சமநிலையும் பழகிவிட்டுப் போவது முகாம் கட்டணத்தில் பாதியைக் காப்பாற்றும்.

இன்னும் எத்தனை கோடைகள்?

2022 ஜூலை கடைசியில், ஆண்டு முழுக்கச் சறுக்கலாம் என்று பெயர்பெற்ற ட்செர்மாட் தன் கோடைச் சறுக்கை நிறுத்திவைக்க வேண்டிவந்தது. பனியாற்றின் மேல் போர்வையாகக் கிடக்க வேண்டிய குளிர்காலப் பனி முன்கூட்டியே கரைந்துவிட்டது. அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கன அளவில் 6 சதவீதத்தையும், அடுத்த ஆண்டு 4 சதவீதத்தையும் இழந்தன. இரண்டே ஆண்டில் பத்தில் ஒரு பங்கு. ஆல்ப்ஸ் தளங்கள் சிலவற்றில் கோடைக்குப் பனியின் மேல் வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். துணி மூடிய இடத்தில் உருகல் பாதிக்கு மேல் குறைகிறது. மலை முழுவதையும் போர்த்த யாராலும் முடியாது. வடக்கே பனி குறைந்தால் தெற்கே விமானம் ஏறுகிறார்கள். அந்தப் புகையும் பனியாற்றுக் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது.

கூரைக்குள் பனி ஒரு மாற்று. துபாய் வணிக வளாகத்துக்குள் 2005இல் திறந்த ஸ்கீ துபாயில் மிக நீண்ட ஓடுபாதையே 400 மீட்டர்தான். ஆனால் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட காஷ்மீரின் ஆரிஃப் கான், ஸ்லாலம் பிரிவுக்குத் தகுதி பெற்றது அங்கே நடந்த போட்டிகளில்தான். காஷ்மீரின் சறுக்குத் தளமான குல்மர்கில் பனி டிசம்பர் முதல் மார்ச் வரைதான். மீதி மாதங்களுக்கு அவரைப் போன்றவர்கள் வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டும். முதல்முறை பலகை மாட்டுகிறவருக்கும் காலையில் கான்கிரீட், மதியம் கூழ் என்றிருக்கும் பனியாற்றைவிட இப்படிப்பட்ட கூடமே நல்லது. முகாமுக்கான பணத்தை, ஓரளவு வளையத் தெரிந்து அதற்குமேல் நகராமல் நிற்பவர்கள் செலவிடலாம்.

செலவிடுவதற்கு முன் முகாம் நடத்துகிறவரிடம் கேளுங்கள்: நாளுக்கு எத்தனை இறக்கம் என்றல்ல, ஒரு கோச்சுக்கு எத்தனை பேர், என்னிடம் எந்த ஒன்றை மாற்றப் போகிறீர்கள் என்று. பத்து நாள் முடிந்து கடிகாரம் உங்களைப் போன மார்ச்சைவிட மெதுவாகக் காட்டினால் பணம் போயிற்றே என்று வருந்த வேண்டாம். டிசம்பரில் பனி விழுந்து ஒரு வாரம் ஆன பிறகு மறுபடி நேரம் எடுத்துப் பாருங்கள். முகாம் பலித்ததா இல்லையா என்பதை அன்றுதான் சொல்ல முடியும்.